அக்காவுக்கு ஊர் காட்டிய எட்டு நாள்

அக்கா இனி எங்கே இருப்பது என்பதுதான் கேள்வி. மும்பையில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கூடப்பிறந்தவர்களோடு போய் இருக்கலாம் என்று அவர் முடிவெடுத்தபோது, முன்னால் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று சென்னையில் என் அண்ணன் வீடு. இன்னொன்று கோயம்புத்தூர் போத்தனூரில் என் வீடு.

அண்ணன் முந்திக்கொண்டார். அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் என்னென்ன வசதி இருக்கிறது என்று ஒரு பட்டியலே வாட்ஸப்பில் அனுப்பிவைத்தார். நீச்சல் குளம், யோகா வகுப்பு, நூலகம், மூத்தோர் மன்றம், மாதம் ஒரு கோவில் சுற்றுலா. படம் வேறு போட்டிருந்தது. அக்கா அதை எனக்கும் அனுப்பி, "நல்லாத்தான் இருக்குது. உங்க ஊட்டுலயும் ஒரு எட்டு நாள் இருந்து பாத்துட்டு அப்பறம் சொல்றேன்" என்றார்.

எனக்கு அக்கா வேண்டும். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? அவர் மும்பைக்கு ரயில் ஏறியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் காலேஜ் படித்தது அவர் அனுப்பிய பணத்தில். என் கல்யாணத்துக்கு வந்தவர் நான்காம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. ஆனால் அண்ணனோடு போட்டி என்று வந்துவிட்டதும் எனக்குள் இருக்கும் கணக்கு டீச்சர் முழித்துக்கொண்டாள். அவர் பட்டியல் போட்டால் நான் இரண்டு பட்டியல் போடுவேன் என்று ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

எழுத உட்கார்ந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. எங்கள் பகுதியை ஒரு பகுதி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் லாரி ஓடும் ரோடு, நடுவில் ஏழு தெரு. அதற்குள் ஒரு மாரியம்மன் கோவில், ஒரு பள்ளிவாசல், ஒரு சர்ச், இரண்டு பேக்கரி. சாப்பாடு டெலிவரிக்கு வருகிறவர்கள் மூன்று தடவை போன் செய்து வழி கேட்காமல் ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. இங்கே அக்காவுக்குப் பொழுதுபோக என்ன இருக்கிறது என்று யோசித்து யோசித்துப் பார்த்து, பக்கத்தில் வெள்ளலூர் குளம் என்று ஒரு வரி எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விருந்தாளி வந்தால் ஊரைக் காட்ட மாட்டோம். ஊரிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று காட்டுவோம். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் "ஊட்டி ரெண்டு மணி நேரந்தானுங்க" என்று ஆரம்பித்துவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். நோட்டில் முதல் வரியே ஊட்டி.

சனிக்கிழமை வந்து இறங்கிய அக்காவை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுப்பிக் காரில் ஏற்றினோம். ஓட்டியது என் வீட்டுக்காரர். பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. ஊரில் இருக்கிற காரெல்லாம் எங்களோடு மலையேறக் கிளம்பியிருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை அடிவாரச் சோதனைச் சாவடியில் இ-பாஸ் எங்கே என்று கேட்டார்கள். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அங்கேயே போனில் எடுக்க முயன்றபோது, அன்றைக்கு அனுமதிக்கிற வண்டிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று வந்தது. அக்கா பின்சீட்டில் இருந்தபடி மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தூரத்துல இருந்தும் அழகாத்தான் இருக்குது" என்றார்.

திங்கட்கிழமை அருவி. போனால் கேட்டில் பூட்டு. அன்று மூடல் என்று ஒரு பலகை தொங்கியது. செவ்வாய்க்கிழமை காந்திபுரத்துக்குப் புடவை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். மே மாத வெயில், டவுன் பஸ்ஸின் ஹாரன், படிக்கட்டு வரைக்கும் கூட்டம். அக்கா இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டுக் கரும்பு ஜூஸ் கடை நிழலில் நின்றுகொண்டார். "கண்ணு, நான் முப்பத்தஞ்சு வருசம் மும்பை ட்ரெயின்ல இடிபட்டவ. என்னைய இடிக்கறதுக்குன்னு இங்க கூட்டிட்டு வந்தயா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் எனக்கு மூக்கு உடைந்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்து, என்னென்ன பார்த்தீர்கள் என்று ஆசையாக விசாரித்தார். நான் குளிக்கப் போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை நான் அடுத்த திட்டத்தோடு நோட்டைப் பிரித்தபோது, அக்கா கருவேப்பிலை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடை அடுத்த தெருவில். பத்து நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆனது. போன் மேசை மேலேயே கிடந்தது. நான் ஒவ்வொரு தெருவாகத் தேடிக்கொண்டு ஓடினேன்.

பள்ளிவாசல் தெரு முனையில் ஒரு தையல் கடை உண்டு. கடைக்காரரை எல்லோரும் டெய்லர் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கடையை ஒட்டித் தகரம் போட்ட ஒரு கொட்டாய். அதில் ஒரு கேரம் போர்டு. வேலை இல்லாத நேரத்தில் டெய்லரும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் அங்கே ஆடுவார்கள். இருபது வருடமாக நான் அந்தக் கொட்டாயைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன், ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தக் கொட்டாய்க்குள் நான்கு ஆண்களுக்கு நடுவில் என் அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். கருவேப்பிலை மடியில் கிடந்தது. ஒரு கண்ணைச் சுருக்கி ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். மூலையில் ஒட்டிக்கிடந்த காய் ஒன்று சத்தமே இல்லாமல் பாக்கெட்டில் விழுந்தது.

"அடேங்கப்பா! அம்மணி, எங்கீங்க படிச்சீங்க இத?" என்று டெய்லர் கேட்டார்.

"நர்ஸுங்க ஹாஸ்டல்லங்க. டூட்டி முடிஞ்சா எங்களுக்கு வேறென்ன இருக்குது?" என்றார் அக்கா.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மீதியைச் சொன்னார். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான கேரம் போட்டியில் பல வருடம் இவர்தான் ஜெயித்திருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது. போனில் பேசும்போதெல்லாம் நான் என் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது. அன்று அக்கா மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றிருந்தார். ஆனால் முகம் பளபளவென்று இருந்தது. "என்னமா அடிக்கறாங்க பாப்பா! அந்த டெய்லர் கையப் பாத்தயா?" என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் அதே பேச்சு.

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மூன்று ஆட்டம் தோற்றவர் மறுபடி தோற்றால் மனம் விட்டுவிடுவாரே, சென்னைக்குக் கிளம்பிவிடுவாரே என்று பயந்துபோய், வியாழக்கிழமை காலையில் அக்கா குளிக்கும் நேரம் பார்த்துத் தையல் கடைக்குப் போனேன். "அக்கா இங்கயே தங்கோணும்னு ஆசைங்க பாய். இன்னைக்கு ஆட வந்தா கொஞ்சம் உட்டுக்குடுங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவர், அது எப்படி முடியும் என்று கேட்டிருப்பார். எங்கள் ஊரில் விருந்தாளி விஷயத்தில் அப்படிக் கேட்கிற பழக்கம் இல்லை. விருந்தாளிக்கு இலையில் பெரிய துண்டைப் போடுகிற அதே மரியாதையோடு டெய்லர் தலையாட்டினார். "அதுக்கென்னங்க, விருந்தாளிதானுங்க. நாங்க பாத்துக்கறோங்க."

பார்த்துக்கொண்டார்கள். நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் அக்காவை ஜெயிக்க வைத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அக்கா வீட்டுக்குள் வந்தார். தண்ணீர் குடித்தார். என்னை எதிரே உட்காரச் சொன்னார்.

"நேத்து கண்ண மூடிட்டு அடிச்சாலும் பாக்கெட்ல போட்ட மனுசன், இன்னைக்கு வாயில கெடக்கற காய உட்டுப்போட்டாரு. நாலு தடவ. நீ போய் ஏதாச்சும் சொன்னயா?"

என் முகம் சொல்லிவிட்டது.

"முப்பத்தஞ்சு வருசமா நோயாளிங்ககிட்ட, ஒண்ணுமில்ல, எல்லாஞ் செரியாப் போயிரும்னு சிரிச்சுட்டே சொன்னவ நான். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இன்னைக்கு அந்தக் கொட்டாய்ல அத்தன பேரும் என்னையப் பாத்து அப்படிச் சிரிச்சாங்க." குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "ஞாயித்துக்கெழம சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போடு. தம்பி ஊட்டுக்கே போறேன்."

வெள்ளிக்கிழமை முழுவதும் வீட்டில் மிக்ஸி சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அக்கா அலமாரியில் அடுக்கிய துணிகளை எடுத்து மறுபடி பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். நான் போய் டெய்லரிடம் நடந்ததைச் சொன்னேன். மனுசர் ஆடிப்போய்விட்டார். மரியாதை என்று நினைத்துச் செய்தது அவமரியாதை ஆகிவிட்டதே என்று கையில் இருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. வந்த கோபமெல்லாம் என் மேல்தான்.

சனிக்கிழமை காலை டெய்லர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, தப்பு எங்களுதுங்க. வியாழக்கெழம நாங்க ஆடல, நடிச்சுப்போட்டோம்" என்றார் அக்காவிடம். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொரு கோடையிலும் ஆத்துப்பாலம் பக்கத்துக் கோஷ்டிக்கும் எங்கள் தெருக்களுக்கும் ஒரு இரட்டையர் ஆட்டம் நடக்கும். இத்தனை வருடத்தில் எங்கள் பக்கம் ஒருதடவைகூட ஜெயித்ததில்லை. நாளைக்குத்தான் இந்த வருட ஆட்டம். டெய்லரோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறவர் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். அவருக்கு நேற்று விரலில் அடிபட்டுவிட்டது. "விருந்தாளின்னு கூப்படலீங்க. எனக்கு ஆள் வேணுங்க. இந்த ஏழு தெருவுல உங்க அளவுக்கு ஆடறவங்க வேற யாருமில்லீங்க."

"வாங்க, மொதல்ல ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கலாம். உட்டுக்குடுத்தீங்கன்னா நேரா ரயிலேறிருவேன்" என்று சொல்லி அக்கா செருப்பை மாட்டினார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். நான் பயந்துகொண்டே என்ன ஆயிற்று என்றேன். "படுதோல்வி" என்று சொல்லிவிட்டுப் பசிக்கிறது, சோறு போடு என்றார். நாளைக்கு ஆட ஒப்புக்கொண்டாராம். ஆனால் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லவில்லை. அதைக் கேட்கிற தைரியம் எனக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டாய்க்குள் நிற்க இடமில்லை. என்றைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள், ஏனென்றால் நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். எதிர்க்கோஷ்டியில் ஒரு இரும்புக் கடைக்காரரும் அவருடைய மச்சானும். எதிரே வந்து உட்காரப் போவது அறுபது வயது அம்மா என்று தெரிந்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள். "அம்மாவுக்கு நல்ல சேரா ஒண்ணு போடுங்கப்பா. நீங்களே மொதல்ல அடிங்கம்மா" என்றார் இரும்புக் கடைக்காரர்.

அக்கா ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். "ஏனுங்க, மரியாதையப் பேச்சுல வெச்சுக்கலாம். போர்டுல வேண்டாங்க. டாஸ் போடுங்க."

கொட்டாய் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் அக்காவும் சேர்ந்துகொண்டார். டாஸில் அவர்களுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இரும்புக் கடைக்காரர் அடித்த அடியில் முதல் ஆட்டத்திலேயே எட்டுப் புள்ளி பறிபோனது. இரண்டாவதும் போனது. டெய்லரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அக்கா மட்டும் போரிக் பவுடரைத் தூவித் தூவி, ஒன்றும் நடக்காததுபோல் ஆடிக்கொண்டிருந்தார். நான்காவது ஆட்டத்திலிருந்து எங்கள் கை கொஞ்சம் கொஞ்சமாக ஓங்கியது.

இருபத்தைந்து புள்ளி எடுப்பவர்களுக்கு வெற்றி. கடைசியில் அவர்கள் இருபத்தொன்று, நாங்கள் பத்தொன்பது என்று வந்து நின்றது. பலகையில் எங்கள் வெள்ளைக் காய் ஒன்று, அவர்களுடைய கறுப்பு மூன்று, நடுவில் சிவப்பு. சிவப்பைப் போட்டு, அடுத்த அடியிலேயே எங்கள் வெள்ளையையும் போட்டால் சிவப்புக்கு மூன்று, அவர்கள் மிச்சம் வைத்திருக்கும் காய்களுக்கு மூன்று, சரியாக இருபத்தைந்து. ஒன்று தவறினாலும் அடுத்து அடிக்கப்போவது இரும்புக் கடைக்காரர். மூன்று காயும் சிவப்பும் அவருக்கு ஒரு வாய்ச் சோறு. எனக்குக் கணக்குத் தெரியும் என்பதால் பயமும் கூடுதலாகத் தெரிந்தது. நான் பக்கத்து வீட்டு அம்மாவின் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஸ்ட்ரைக்கரை இடது ஓரத்துக்கு நகர்த்தினார். யோசித்தார். வலது ஓரத்துக்குக் கொண்டுபோனார். சுண்டினார். சிவப்பு எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி, ரொம்ப மெதுவாக, விழலாமா வேண்டாமா என்று தயங்கி, அக்காவின் கைப்பக்கத்துப் பாக்கெட்டில் விழுந்தது. யாரோ கத்தப் போனார்கள். டெய்லர் கையைத் தூக்கி அடக்கினார். அடுத்தது வெள்ளை. அது சட்டத்தோடு ஒட்டிக்கிடந்தது; அடிக்க வாகான இடமே இல்லை. அக்கா விரலை மடக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காய் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கொட்டாயே எழுந்து கத்திய சத்தம்தான் கேட்டது. தகரக் கூரை அதிர்ந்தது. பேக்கரிக்காரர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தட்டு நிறைய தேங்காய் பன்னை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீட்டினார். டெய்லர் எதிர்க்கோஷ்டியைக் கட்டிப்பிடித்தார். அத்தனை வருடமும் மண்ணைக் கவ்விய ஏழு தெருவும் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது, நானும்தான். இரும்புக் கடைக்காரர் அக்காவுக்குக் கைகூப்பினார். "அடுத்த வருசம் நாங்க உடமாட்டோங்கம்மா" என்றார். "உட்டாத்தான் எனக்குக் கோவம் வருமுங்க" என்றார் அக்கா.

அத்தனை பேரும் கலைந்த பிறகு வீட்டுக்கு வந்தோம். அக்கா கையைக் கழுவிவிட்டுப் பெட்டி இருக்கும் அறைக்குள் போனார். இரண்டு புடவை மட்டும்தான் அடுக்க மிச்சமிருந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து எந்த இடத்தைச் சொல்லி நிறுத்தலாம் என்று பழக்கதோஷத்தில் என் மனம் தேடிக்கொண்டிருந்தது. மருதமலை இருக்கிறது, ஆனைமலை இருக்கிறது. சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வந்துவிட்டது.

"போகாதீங்கக்கா. ஊரு நல்லாருக்குது, மலை நல்லாருக்குதுன்னு சொல்லல. எனக்கு நீங்க கூட இருக்கோணும். சின்னப் புள்ளைல இருந்து அந்த ஆசைதான்."

அழுதுவிட்டேன். நாற்பத்தேழு வயதில், ஒரு பள்ளிக்கூடத்தையே கணக்குப் பாடத்தில் மிரட்டி வைத்திருக்கிறவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

அக்கா கையில் இருந்த புடவையைக் கட்டில் மேல் வைத்தார். "இதக் கேக்க உனக்கு எட்டு நாளாச்சா கண்ணு?"

"நீங்க மாட்டேன்னு சொல்லிருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

அவர் பெட்டியிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். அக்கா இங்கேயே இருக்கப்போகிறார் என்று சொல்லும்போது குரலில் வெற்றிக்களிப்பு தெரியக்கூடாது என்று எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. அக்காவிடம் கொடு என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, இங்க எல்லாம் இருக்குதே. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

அக்கா கடைசிப் புடவையைத் தட்டில் வைத்து, அலமாரிக் கதவைச் சாத்தினார்.

"அங்க எல்லாம் இருக்குது தம்பி. இங்க ஒருத்தி நான் வேணும்னு கேட்டா."